டார்பிடோ விமானக் குழு பற்றிப் படம் எடுக்க: காகிதம், காசு, காலம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் சோர்ட்ஃபிஷ் டார்பிடோ (நீருக்குள் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு) விமானங்களில் பறந்தவர்களைப் பற்றிய ஒரு படத்துக்குத் தயாரிப்பு வேலை பார்த்தேன். எந்தக் கதவைத் தட்டுவது, எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது என்று சொல்ல ஆளில்லாமல் அலைந்து அலுத்துப்போனது. சென்னையிலோ லண்டனிலோ உட்கார்ந்து இதே மாதிரி ஒரு கதையை மனதில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர் வரலாறு வேண்டுமென்றால் புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. இங்கே வேலை மட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ஜெட்டை வானத்தில் கொட்டாதீர்கள். மூன்று பேர் உட்காரும் திறந்த காக்பிட்டில் கொட்டுங்கள். கீழே வருகிற ஒவ்வொரு படியும் இதை ஒட்டித்தான் போகும்.

1. விமானத்தைப் பார்த்துவிட்டுக் கதையை முடிவு செய்யுங்கள்

கதையை எழுதி முடித்துவிட்டு விமானம் தேடப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்கக் கடற்படையின் டிவாஸ்டேட்டர் இன்று முழு உருவில் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை, மிச்சமிருப்பவை கடலுக்கடியில். பிரிட்டனின் பாரகுடாவும் முழுசாக ஒன்றுகூடத் தப்பவில்லை. அமெரிக்க அவெஞ்சர் பரவாயில்லை. போருக்குப் பிறகு காட்டுத்தீ அணைக்கப் பயன்பட்டதால் பல பிழைத்தன, இன்றும் பறக்கின்றன. ஆனால் அதை பிரிட்டிஷ் கதையில் நுழைத்து டார்பிடோ போட வைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் டார்பிடோ அந்த விமானத்தின் வயிற்றில் அடங்காது. பிரிட்டிஷ் அவெஞ்சர்கள் குண்டுதான் சுமந்தன.

சோர்ட்ஃபிஷ் நல்ல நிலையில் சில இருக்கின்றன. சாமர்செட்டில் யோவில்டன் கடற்படை விமானத் தளத்தில் நேவி விங்ஸ் அமைப்பிடம் பறப்பவை உள்ளன. அதே இடத்தில் இருக்கும் ஃப்ளீட் ஏர் ஆர்ம் (பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவு) அருங்காட்சியகத்திலும், டக்ஸ்ஃபோர்டில் இம்பீரியல் வார் மியூசியத்திலும் பார்க்கக் கிடைக்கும்.

அடுத்து, எந்தச் சம்பவம்? டரான்டோ (இத்தாலியக் கடற்படைத் துறைமுகத்தின்மீது நடந்த தாக்குதல்) என்றால் 21 விமானங்கள், இரவு, விமானந்தாங்கிக் கப்பல். பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல்மீதான தாக்குதல் என்றால் 1941 மே 26 மாலை ஆர்க் ராயல் கப்பலிலிருந்து கிளம்பிய 15 விமானங்கள், கொந்தளிக்கும் அட்லான்டிக். இரண்டிலும் கப்பல் தளம் இல்லாமல் கதை நகராது, அங்கேதான் பணம் கரையும். கைக்கு அடக்கமான பட்ஜெட் என்றால் 1942 பிப்ரவரி 12 சம்பவத்தை எடுங்கள். ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தப்பிப் போன ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தாக்க, யூஜின் எஸ்மாண்ட் தலைமையில் 825-ஆவது ஸ்குவாட்ரனின் (விமானப் படைப்பிரிவு) 6 சோர்ட்ஃபிஷ் விமானங்கள் கென்ட் மாவட்டத்தின் மான்ஸ்டன் தளத்திலிருந்து கிளம்பின. போனவர்கள் 18 பேர், உயிரோடு மிஞ்சியவர்கள் 5 பேர். ஆறும் விழுந்துவிட்டன. பட்டப்பகல், தரைத்தளம், ஆறே விமானங்கள். தயாரிப்பாளர் கண்ணோடு பார்த்தால் இதைவிட வசதியான கதை கிடையாது. கதையாகவும் இதுதான் நெஞ்சை அடைக்கிறது.

நம் பக்கத்துக் கதை வேண்டுமென்றால் திருகோணமலை இருக்கிறது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி, சீனக்குடா தளத்திலிருந்து டார்பிடோக்களோடு இரத்மலானைக்குப் பறந்துகொண்டிருந்த 788-ஆவது ஸ்குவாட்ரனின் 6 சோர்ட்ஃபிஷ் விமானங்களை ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்தின. நான்கு நாள் கழித்து ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இந்தக் கதைக்கும் ஆவணங்கள் லண்டனில்தான், ஆகவே அடுத்த படி உங்களுக்கும் பொருந்தும்.

2. கியூ ஆவணக் காப்பகம்: அட்டை முதலில்

லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகாமல் ஸ்கிரிப்டை இறுதி செய்யாதீர்கள். மூல ஆவணங்களைத் தொட்டுப் பார்க்க ரீடர்ஸ் டிக்கெட் வேண்டும். இலவசம்தான், மூன்று வருடம் செல்லும். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, இரண்டும் அசலாக. பாஸ்போர்ட் ஒன்றே போதும் என்று நம்பி வந்து முகவரிச் சான்று இல்லாமல் முழிப்பவர்களை வரவேற்பு மேசையில் அடிக்கடி பார்க்கலாம். இந்தியாவிலிருந்து வருகிறீர்கள் என்றால் உங்கள் ஊர் முகவரிக்கான சான்றைக் கையோடு கொண்டு வாருங்கள். ஞாயிறு, திங்கள் விடுமுறை. விமான டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

தேட வேண்டிய வரிசைகள் இரண்டு. ஏடிஎம் (ADM, பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையக ஆவணங்களுக்கான குறியீடு) 199 என்பது போர்க்கால நடவடிக்கை அறிக்கைகள். ஏடிஎம் 207 என்பது கடற்படை விமான ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள். எல்லா ஸ்குவாட்ரனுக்கும் நாட்குறிப்பு முழுசாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்; இடையிடையே ஓட்டை விழும். கோப்புகளை இணையத்தில் முன்கூட்டியே ஆர்டர் செய்துவிட்டுப் போனால் அரை நாள் மிச்சம். உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். உங்கள் கேமராவில் படம் எடுத்துக்கொள்ள காசு கிடையாது. அவர்களிடம் நகல் கேட்டால்தான் செலவு. ஆக, ஒரு ஆளை நேரில் அனுப்புவதுதான் மலிவு.

கியூவை முடித்துவிட்டு யோவில்டன் அருங்காட்சியகத்தின் ஆவணப் பிரிவுக்கு எழுதுங்கள். முன் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ஸ்குவாட்ரன்கள் வைத்திருந்த லைன் புக் எனப்படும் கேலிக் குறிப்பேடுகள் அங்கே இருக்கின்றன. யார் என்ன பீற்றிக்கொண்டார், யார் யாரைக் கிண்டலடித்தார் என்பதெல்லாம் அதில் வரும். அதிகார அறிக்கை பத்து படித்தாலும் கிடைக்காத வசன நடை அதில் கிடைக்கும். இம்பீரியல் வார் மியூசியத்தின் ஒலிப்பதிவு நேர்காணல்களில் நிறைய இணையத்திலேயே இலவசமாகக் கேட்கலாம். நடிகர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். உயிர் நீத்தவர்களின் பெயர், வயது, பதவியைச் சரிபார்க்க காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் போதும்.

3. உரிமைகள்: கடிதம் யார் கையில் இருக்கிறது என்பது முக்கியமில்லை

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அருங்காட்சியகம் ஒரு கடிதத்தைக் காட்டுகிறது, படம் எடுக்கவும் விடுகிறது. அதனால் அதை வசனமாக்கலாம் என்று அர்த்தமில்லை. காகிதம் அவர்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. எழுதியவர் போரிலேயே இறந்திருந்தாலும், அச்சேறாத கடிதமாக இருந்தால் பிரிட்டனில் 2039 முடியும்வரை காப்புரிமை ஓடும்.

வாரிசைத் தேடிக் கிடைக்கவில்லையா? பிரிட்டிஷ் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் அநாதைப் படைப்பு உரிமம் என்று ஒன்று வாங்கலாம். விண்ணப்பக் கட்டணம் சிறியது. ஆனால் எங்கெல்லாம் தேடினீர்கள் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும், உரிமம் அதிகபட்சம் ஏழு வருடம், அதுவும் பிரிட்டனுக்குள் மட்டும். ஓடிடியில் உலகம் முழுக்க விடப் போகிற படத்துக்கு அது உதவாது. கடிதத்தின் சாரத்தை எடுத்துக்கொண்டு வசனத்தை நீங்களே எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

அரசு எடுத்த போர்க்காலப் புகைப்படங்கள் வேறு கதை. 1957 ஜூன் 1-க்கு முன் எடுக்கப்பட்டவற்றுக்கு ஐம்பது வருடத்தில் அரசுக் காப்புரிமை தீர்ந்துவிடும். உரிமை தீர்ந்தாலும் நல்ல தரத்தில் பிரதி தருவதற்குக் காப்பகம் கட்டணம் கேட்கும். பழைய ஃபுட்டேஜ் என்றால் விநாடிக் கணக்கில் விலை. குறைந்தபட்ச விநாடி என்று ஒரு நிபந்தனையும் கூடவே வரும். எந்தெந்த நாடு, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்துத் தொகை ஏறும். எடிட்டிங் முடிந்த பிறகு பேரம் பேசப் போகாதீர்கள். அப்போது உங்களுக்குப் பிடி இருக்காது.

4. ஸ்கிரிப்ட்: மூன்று இருக்கை

முன்னால் விமானி. பின்னால் அப்சர்வர், அவர்தான் வழிகாட்டி. அவருக்கும் பின்னால் தந்தி அடிப்பவரும் துப்பாக்கி பிடிப்பவரும் ஒருவரே. முன்னிருவர் பெரும்பாலும் அதிகாரிகள், மூன்றாமவர் சாதாரண மாலுமி வகுப்பு. ஒரே துணிக்கூட்டில் சாகத் தயாராகப் பறந்துவிட்டு, இறங்கியதும் இருவர் ஒரு பக்கம், ஒருவர் இன்னொரு பக்கம் சாப்பிடப் போவார்கள். தினசரி ரம் பங்கு மாலுமிக்கு உண்டு, அதிகாரிக்குக் கிடையாது. இந்த ஒரு ஏற்பாட்டை ஒழுங்காகக் காட்டினாலே பாதிப் படம் நம்பகமாகிவிடும். மூவரும் தோளில் கை போட்டு ஒரே மேசையில் கும்மாளம் அடிக்கிற காட்சி எழுதியிருந்தால் வெட்டுங்கள்.

அடுத்து, பேச்சு. திறந்த காக்பிட்டில் எஞ்சின் இரைச்சலும் காற்றும். இண்டர்காமில் நிதானமாக வசனம் பேசுவது போல எழுதாதீர்கள். விமானிக்கும் அப்சர்வருக்கும் நடுவே காஸ்போர்ட் குழாய் என்ற ரப்பர் குழாய்தான். ஒரு முனையில் வாய் வைத்துக் கத்தினால் மறுமுனையில் தலைக்கவசக் காதில் கேட்கும். அதுவும் சரியில்லை என்றால் தோளைத் தட்ட வேண்டும், காகிதத்தில் கிறுக்கி நீட்ட வேண்டும். எங்கள் இயக்குநர் வசனத்தைப் பாதியாகக் குறைத்தார், காட்சி இரண்டு மடங்கு கனமானது. அப்சர்வரின் மடியில் ஒரு வரைபடப் பலகை இருக்கும். காற்றின் போக்கை அளக்க அவர் கடலில் புகை மிதவையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கணக்குப் போடுவார். விறைத்த விரல், உடைந்துபோகிற பென்சில் முனை, அலையில் கிழியும் புகை: குளோசப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

சம்பவத்துக்குச் சம்பவம் இருக்கை மாறும் என்பதையும் கவனியுங்கள். டரான்டோவுக்குப் போன விமானங்களில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைக்க இடம் வேண்டியிருந்தது. அதனால் துப்பாக்கிக்காரரைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இரண்டு பேராகத்தான் போனார்கள். டரான்டோ காட்சியில் மூன்றாவது தலை தெரிந்தால், விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே பிடித்துவிடுவார்கள்.

தாக்குதல் எப்படி நடக்கும்? மேலிருந்து சரிந்து இறங்கி, அலைக்கு மேலே மிகத் தாழ்வாக மட்டம் பிடித்து, மணிக்கு ஏறத்தாழ 165 கிலோமீட்டர் வேகத்தில், இலக்குக்குச் சுமார் 900 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள டார்பிடோவை விட வேண்டும். அதற்கு முன் சில விநாடிகள் வளையாமல் நெளியாமல் நேராகப் பறந்தே ஆக வேண்டும். அந்தச் சில விநாடிதான் உங்கள் படம். அதை வேகமாக வெட்டி வெட்டிக் காட்டி வீணாக்காதீர்கள். டார்பிடோ தண்ணீரில் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் வெடிக்கத் தயாராகும் என்பதால், விழுந்தவுடன் வெடிப்பதாகவும் எழுத முடியாது.

5. விமானத்தோடு ஷூட்டிங்

பறக்கும் சோர்ட்ஃபிஷ் கோடையில் கண்காட்சிகளுக்குப் போகும், குளிர்காலத்தில் பராமரிப்புக்காகப் பிரித்துப் போடப்பட்டிருக்கும். பிப்ரவரிக் கதை என்பதால் பிப்ரவரியில் எடுக்கலாம் என்று நினைத்தால் விமானமும் கிடைக்காது, வெளிச்சமும் கிடைக்காது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை மேகமூட்டமான நாளாகப் பார்த்துக் கேளுங்கள். வானிலைக்காக மாற்று நாளை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பறக்காத நாளுக்கு எவ்வளவு கட்டணம் என்பதும் அதில் இருக்கட்டும். ஓரிடத்தில் இந்த ஒரு வரி இல்லாததால் மழையைப் பார்த்துக்கொண்டு முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

தாழ்வாகப் பறக்கும் ஷாட் வேண்டுமென்றால் இன்னொரு சிக்கல். பிரிட்டனில் ஆள், படகு, கட்டடம் எதற்கும் 500 அடிக்குள் விமானம் நெருங்கக் கூடாது என்பது பொது விதி. விலக்கு வேண்டுமென்றால் சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டியிடம் விமானத்தை இயக்கும் அமைப்புதான் கேட்க வேண்டும், நீங்கள் அல்ல. பல மாதம் முன்பே பேச்சை ஆரம்பியுங்கள். எண்பது வயது தாண்டிய விமானத்தை அலைக்குமேல் உரசவிட யாரும் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

என் யோசனை இது. நிஜ விமானத்தை அரை நாளோ ஒரு நாளோ தரையில் வைத்து எடுங்கள். மடித்த இறக்கையை விரிப்பது, இரண்டு பேர் பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவது, புகை கக்கி அது உயிர் பெறுவது எல்லாம் நிஜமாக வேண்டும். எஞ்சின் சத்தத்தைத் தனியாக, பல தூரங்களில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மற்றதற்கு ஒட்டுப்பலகையும் துணியும் வைத்து ஒரு காக்பிட் செட். அளவுகளை அருங்காட்சியக விமானத்திலிருந்து ஆர்ட் டைரக்டர் எடுக்கட்டும். அதை ஆட்டும் மேடையில் ஏற்றி, பெரிய காற்றாடியும் தண்ணீர்த் தெளிப்பும் வைத்தால், முகத்தில் படும் அவஸ்தை நிஜமாகவே வரும். கடலும் தேவை என்றால் மால்டாவில் அடிவானம் தெரிகிற நீர்த்தொட்டி ஸ்டூடியோ இருக்கிறது.

நிஜ விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பொறிகள். மார்க் 3 வகையில் சக்கரக் கால்களுக்கு நடுவே ரேடார் உருண்டை தொங்கும். டார்பிடோ இருக்க வேண்டிய இடமே அதுதான்; ஆகவே டார்பிடோக் கதைக்கு அது ஆகாது. இரண்டாவது, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. அது 1944 ஜூன் நார்மண்டி தரையிறக்கத்துக்காகப் பூசியது. 1942 கதையில் அது தெரிந்தால் கணினியில் அழிக்கத் தனிச் செலவு. விமானத்துக்கு உங்கள் விருப்பப்படி பெயிண்ட் அடிக்க விடமாட்டார்கள், கேட்டு மூக்குடைபட வேண்டாம்.

கப்பல் தளம் தேவைப்பட்டால் சுருக்கமாக ஒன்று. போர்க்கால பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஒன்றுகூட இன்று இல்லை. அமெரிக்காவில் அருங்காட்சியகமாக நிற்பவற்றில் பின்னாளில் சேர்த்த சாய்ந்த ஓடுதளம் இருக்கிறது. அகலமான ஷாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். தளத்தின் ஒரு மூலையை மட்டும் செட் போடுங்கள். இறங்கும் விமானத்துக்கு மட்டை காட்டுபவரை வைத்தால், பிரிட்டிஷ் முறையில் மட்டையை உயர்த்தினால் ‘மேலே ஏறு’ என்ற கட்டளை. அமெரிக்க முறையில் அதற்கு ‘நீ உயரமாக இருக்கிறாய்’ என்று பொருள். யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துப் பழகிவரும் துணை நடிகரைத் திருத்துங்கள்.

6. சீருடை, துப்பாக்கி

கடற்படை விமானியின் இறக்கைச் சின்னம் நெஞ்சில் கிடையாது, இடது கைச் சட்டை நுனியில், பட்டைகளுக்கு மேலே இருக்கும். வாடகைக் கடைகள் விமானப்படை உடையைத் தந்துவிட்டு ‘இதுதான்’ என்று சாதிப்பார்கள். தன்னார்வ ரிசர்வ் அதிகாரிகளுக்குத் தங்கப்பட்டை நெளிநெளியாக, வளையத்துக்குள் ‘ஏ’ எழுத்தோடு இருக்கும்; முழுநேர அதிகாரிக்கு நேர்ப்பட்டை. ஒரே ஸ்குவாட்ரனில் இரண்டும் கலந்து இருப்பார்கள். சீருடை போட்டவர்கள் ஷூட்டிங் இடத்தைவிட்டு டீ குடிக்கப் போனால் மேலே கோட் போடச் சொல்லுங்கள். படைச் சீருடையைத் தவறாக அணிவதைத் தடுக்கும் 1894-ஆம் வருடச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பின்னிருக்கைத் துப்பாக்கிக்குச் சுடாத மாதிரியே போதும். வெற்றுத் தோட்டா வெடிக்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற ஆர்மரர் (படப்பிடிப்பில் ஆயுதங்களைக் கையாள்பவர்) கட்டாயம், அவருக்கு நாள் சம்பளம், உள்ளூர் போலீசுக்கு முன் தகவல். நெருப்பைக் கணினியில் சேர்ப்பது மலிவு.

7. வரிச் சலுகையும் விசாவும்: இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்

பிரிட்டனில் சுயாதீனப் படங்களுக்கு 53 சதவீத வரிக் கடன் (டேக்ஸ் கிரெடிட், அதாவது அரசு தரும் வரிச் சலுகைத் தொகை) இருக்கிறது. மொத்தத் தயாரிப்புச் செலவுக்கு அல்ல, மையச் செலவில் (முன்தயாரிப்பு, ஷூட்டிங், பின்தயாரிப்பு) 80 சதவீதம்வரைதான். அதற்கும் வரி பிடித்தபின் கையில் நிற்பது 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பட்ஜெட் 2.35 கோடி பவுண்டுக்குள் இருக்க வேண்டும். இயக்குநரோ எழுத்தாளரோ பிரிட்டனைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அல்லது அதிகாரப்பூர்வக் கூட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) நடத்தும் கலாச்சாரத் தேர்வில் 35-க்கு 18 மதிப்பெண் வேண்டும். பிரிட்டிஷ் வீரர் கதை, பிரிட்டிஷ் மண் என்பதால் அது சிரமமில்லை. ஆனால் படம் தியேட்டரில் காசு வாங்கித் திரையிடும் நோக்கத்தோடு எடுக்கப்பட வேண்டும். விழாவுக்கு மட்டும் அனுப்பும் குறும்படத்துக்கு இது கிடைக்காது. பணமும் வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் வரும், அதை நம்பி ஷூட்டிங் செலவுக்குக் கடன் வாங்காதீர்கள்.

சென்னையிலிருந்து யூனிட் வருகிறது என்றால் கவனம். வெளிநாட்டு நிறுவனத்தின் ஊழியர்களாக, வெளிநாட்டுப் பணத்தில் வெளிநாட்டில் தயாராகும் படத்துக்கு லொக்கேஷன் ஷூட்டிங் வருபவர்கள் பார்வையாளர் விசாவில் வரலாம். வரிக் கடனுக்காக பிரிட்டிஷ் கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் படம் எடுத்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அப்போது ஒவ்வொருவருக்கும் ஸ்பான்சரோடு கிரியேட்டிவ் வொர்க்கர் விசா. இரண்டில் எது லாபம் என்று ஒரு அக்கவுன்டன்ட்டை வைத்து முதலிலேயே கணக்குப் போடுங்கள். கேமராவை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தால் ஏடிஏ கார்னே (சாமானைத் தற்காலிகமாக வரியின்றிக் கொண்டுவரும் கஸ்டம்ஸ் ஆவணம்) வேண்டும். ஒரு வருடம் செல்லும், பட்டியலில் உள்ள சீரியல் எண் ஒன்று தப்பினாலும் கஸ்டம்ஸில் நிற்பீர்கள். சின்ன யூனிட்டுக்கு அங்கேயே வாடகைக்கு எடுப்பது நிம்மதி.

8. இன்சூரன்ஸ், கடைசிக் காகிதங்கள்

ஆள் வைத்து வேலை வாங்கினால் பிரிட்டனில் எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ் கட்டாயம், குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு. விமானத்தின் அருகே விளக்கு, ஸ்டாண்ட் வைப்பதால் அருங்காட்சியகம் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றை ஷூட்டிங்குக்கு முன்பே கேட்கும். துணி போர்த்திய விமானம் அது. ஸ்டாண்ட் ஒன்று சாய்ந்தால் போதும். ட்ரோன் பறக்கவிட ஆபரேட்டர் ஐடி, ஃப்ளையர் ஐடி இரண்டும் வேண்டும், 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இராணுவத் தளம் அருகே என்றால் தனி அனுமதி.

விநியோகஸ்தரோ ஓடிடியோ கடைசியில் கேட்பது ஒரு கோப்பு: ஸ்கிரிப்ட் உரிமை, வாரிசுகளின் கையெழுத்து, ஒவ்வொரு ஃபுட்டேஜ் துண்டுக்கும் உரிமம், இசை ஒப்பந்தம், நடிகர் ஒப்பந்தம், அருங்காட்சியக அனுமதிக் கடிதம். முதல் நாளிலிருந்து ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். மாண்டவர்மீது பிரிட்டனில் அவதூறு வழக்கு நிற்காது. உயிரோடு இருப்பவர்கள் போடலாம். ஆகவே பின்னணியில் ஒரு நிஜ ஆளின் பெயரைச் சொல்கிற காட்சி இருந்தால், அந்தப் பெயரை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே டப்பிங்குக்குப் போங்கள்.